பல்லில் பூச்சியைத் தேடும் பிள்ளைகள்

உயர்தர உயிரியல் பிரிவு மாணவி

பல்வலி என்று அழும் பிள்ளையிடம் நம் வீடுகளில் எல்லாரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "பல்லைப் பூச்சி அரிச்சிட்டுது." உம்மா சொல்வார், உம்மும்மா சொல்வார், பக்கத்து வீட்டு அன்ரியும் சொல்வார். சூத்தைப் பல்லுக்குப் பூச்சிப் பல் என்றும் புழுப் பல் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. பல்லுக்குள் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை என்பது பெரியவர்களில் பலருக்குத் தெரியும். அவர்களுக்கு அது வெறும் பேச்சு வழக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வழக்கு என்று ஒன்று இருப்பது தெரியாது. சொன்னதை அப்படியே நம்பும்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் சாச்சியின் மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் சூத்தை விழுந்தது. அவன் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு ஏறி நின்று, வாயை அகலத் திறந்து பார்த்துவிட்டு, "ராத்தா, பூச்சியக் காணல்லயே" என்று கேட்டான். தூங்கும்போது அது வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் அவனுக்கு இருந்தது. அவனுக்கு வாசித்துக் காட்ட ஒரு தமிழ்ப் படப் புத்தகம் வாங்கலாம் என்று காலி வீதியில் இரண்டு மூன்று கடைகளில் தேடினேன். ஆங்கிலத்தில் பல் பற்றிய புத்தகங்கள் இருந்தன. தமிழில் அகரவரிசைப் புத்தகங்களும், நிறந்தீட்டும் புத்தகங்களும், நரியும் காகமும் வரும் கதைகளும் நிறைய இருந்தன. பல் பற்றி அன்று எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றி யோசித்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியானது. பல் பற்றிய படப் புத்தகத்துக்கு வாசகர்கள் இருவர். ஒருவர் படம் பார்க்கும் பிள்ளை. மற்றவர் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து வாசித்துக் காட்டும் பெரியவர். பற்பசை வாங்குவதும், பாலில் சீனி போடுவதும், இரவில் பல் துலக்கச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும் அந்தப் பெரியவர்தான். ஆகவே அவருக்குப் பழகிய மொழியில், அவர் சமையலறையில் உள்ள பொருட்களைக் கொண்டு, இருவரும் சேர்ந்து செய்யக்கூடிய சின்ன விளையாட்டுகளோடு அந்தப் புத்தகம் அமைய வேண்டும். அப்படி ஒரு புத்தகத்தை நமது ஊர்த் தமிழில் நாமே ஆக்கலாம் என்பதுதான் என் வாதம்.

விழுந்து முளைக்கிற பல்தானே?

பால் பற்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் ஆறுதல் இது. விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு கவனம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த 20 பற்களும் சும்மா காத்திருக்கும் பற்கள் அல்ல. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைவடையும் இவற்றில் சில, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கும். பிள்ளை சாப்பிடுவதும் பேசுவதும் இவற்றைக் கொண்டுதான். பின்னால் வரும் நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் இவைதான். ஒரு பால் பல்லை நேரத்துக்கு முன்பே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, புதுப் பல் கோணலாக முளைக்கலாம்.

பேச்சைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும். தமிழில் த, ந ஆகிய எழுத்துகள் மேற்பல்லின் அடியில் நாக்கு நுனி பொருந்துவதால் பிறக்கின்றன என்று நமது இலக்கண நூல்கள் அன்றே வகுத்து வைத்திருக்கின்றன. மதரஸாவில் குர்ஆன் ஓதப் பழகும்போது நமது முஅல்லிமா திரும்பத் திரும்பச் சொல்லித் தரும் ஸா, தால், ளா ஆகிய எழுத்துகளும் மேல் முன்பற்களின் நுனியில் நாக்கு படும்போதுதான் சரியாக வரும். பிள்ளை ஓதப் பழகும் வயதும் பால் பற்களோடு இருக்கும் வயதும் ஒன்றே. முன்பற்கள் சூத்தையாகி உடைந்துபோன பிள்ளை அந்த எழுத்துகளுக்கு எவ்வளவு சிரமப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆறு வயதளவில் கடைவாயின் ஓரத்தில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, நான்கு புதுப் பற்கள் முளைக்கின்றன. முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் இவைதான். பல் விழுந்து முளைக்காததால் இவற்றையும் பால் பல் என்றே பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். சூத்தை விழுந்தாலும், "அது விழுந்து வேறு முளைக்கும்" என்று காத்திருக்கிறார்கள். வேறு முளைக்காது. ஏழு வயதில் கெட்டுப்போகும் அந்தப் பல், எழுபது வயது வரை இருக்க வேண்டிய பல். இந்த ஒரு செய்தி மட்டும் ஒரு படத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால், அதற்காகவே ஒரு புத்தகம் அச்சிடலாம்.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 514 மில்லியன் சிறுவர்களின் பால் பற்களில் சூத்தை இருக்கிறது. பெரும்பாலும் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. தடுக்கும் வழி விலை கூடியதும் அல்ல. புளோரைட்டு கலந்த பற்பசை, ஒரு பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிடம், அடிக்கடி இனிப்புத் தின்பதைக் குறைத்தல் ஆகியவை போதும். இவற்றை வழக்கமாக்குவதுதான் கடினம். அந்த இடத்தில்தான் கதைக்கு வேலை இருக்கிறது.

கதை சொன்ன நாடுகள்

நோர்வே நாட்டில் தூர்பியோர்ன் எக்னர் என்ற எழுத்தாளர் 1949 இல் ஒரு சிறுவர் புத்தகம் எழுதிப் படமும் வரைந்தார். ஒரு சிறுவனின் பற்களுக்குள் காரியுஸ், பக்துஸ் என்ற இரு குட்டிப் பூதங்கள் குடியிருக்கின்றன. பல்லைக் குடைந்து வீடு கட்டுகின்றன. சிறுவன் இனிப்புத் தின்னத் தின்ன அவற்றுக்குக் கொண்டாட்டம். அவன் பல் துலக்கத் தொடங்கியதும் அவற்றின் வாழ்வு முடிகிறது. பற்சூத்தைக்கும் பக்றீரியாவுக்கும் உரிய மருத்துவச் சொற்களிலிருந்துதான் அந்தப் பெயர்கள் வந்தன. நாம் பூச்சி என்று சொல்லி நிறுத்திய இடத்தில் அவர் கதை தொடங்கியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பெயரும் முகமும் கொடுத்து, அதை எப்படி வெளியேற்றலாம் என்பதையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஜப்பானின் தாரோ கோமி 1984 இல் வெளியிட்ட படப் புத்தகத்தில் ஒரு முதலை பல் வைத்தியரிடம் போகிறது. முதலைக்கு வைத்தியரைப் பார்த்துப் பயம். வைத்தியருக்கு முதலையின் வாயைப் பார்த்துப் பயம். இருவரும் ஒரே வசனங்களைச் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் வேறு. சிரித்துக்கொண்டே வாசிக்கும் பிள்ளை கடைசியில் தெரிந்துகொள்வது என்ன? பயப்படுவது வெட்கம் அல்ல, பயத்தோடும் வாயைத் திறக்கலாம் என்பதுதான். அந்தப் புத்தகம் பிள்ளைக்கு நீண்ட உபதேசம் எதுவும் செய்வதில்லை.

பயத்தைப் பற்றிச் சொல்லும்போது நமது நாட்டின் கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடசாலைகளில் சிறுவரின் பற்களைப் பராமரிக்கும் பற்சிகிச்சையாளர் சேவை, நியூசிலாந்தின் முன்மாதிரியைப் பின்பற்றி இங்கே வந்தது. மஹரகமவில் அவர்களுக்கான பயிற்சி நிலையம் அமைந்தது. நியூசிலாந்தில் இந்தச் சேவைக்கான பயிற்சி 1921 இல் தொடங்கியது. உலகமே பாராட்டிய திட்டம் அது. ஆனால் அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "கொலை வீடு". சேவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிள்ளையின் பயத்தோடு யாரும் பேசாவிட்டால் அதன் பெயர் இப்படித்தான் ஆகும். நமது வீடுகளிலும், "சாப்பிடாட்டி பல் டொக்டர்ட்ட கூட்டிட்டுப் போவேன்" என்று வெருட்டுகிறோம். பிறகு உண்மையாகவே வலி வந்து, வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குப் போக நேரும்போது, பிள்ளை வாசலிலேயே அழத் தொடங்குகிறது. உதவ வரும் மனிதரை நாமே தண்டனையாக மாற்றிவிடுகிறோம்.

நமது நாட்டுக்கும் படப் புத்தகத்துக்கும் தூரம் அதிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1927 இல் பிறந்த சிபில் வெத்தசிங்க, 1956 இல் எழுதி வரைந்த குடைத் திருடன் கதை பல மொழிகளில் உலகைச் சுற்றி வந்தது. இலங்கைக் கிராமம் ஒன்றுக்கு முதன்முதலாகக் குடை வருவதும் அது காணாமல் போவதும்தான் அந்தக் கதை. அவர் காலமான 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது புத்தகம் ஒன்றுக்குச் சிறுவர்களே ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை எழுதினார்கள். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. பிள்ளையும் கை வைக்க இடம் விட்டால் பிள்ளை புத்தகத்துக்குள் வந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

சர்க்கரையா, சீனியா?

இந்தியாவிலிருந்து அழகான தமிழ்ப் படப் புத்தகங்கள் வருகின்றனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அவற்றை நான் விரும்பி வாசிப்பவள். ஆனால் அங்கே சர்க்கரை என்பதை நாம் சீனி என்கிறோம். அங்கே சொத்தைப் பல், இங்கே சூத்தைப் பல். அங்கே மிட்டாய், இங்கே டொபி. வாசித்துக் காட்டும் உம்மா ஒவ்வொரு பக்கத்திலும் நின்று, "சர்க்கரை என்டா சீனி மகன்" என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், கதையின் ஓட்டம் அறுந்துபோகும்.

சொற்கள் மட்டுமல்ல, பழக்கங்களும் வேறு. ஆங்கிலப் புத்தகங்களில் விழுந்த பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால் பல் தேவதை வந்து காசு வைத்துவிட்டுப் போகும். நமது ஊரில் பல்லை ஓட்டுக் கூரையில் எறிந்து, பழைய பல்லை எடுத்துப் புதுப் பல் தா என்று அணிலிடம் கேட்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் இருக்கும் பிள்ளை பல்லை எங்கே எறிவது? எறிந்தால் கீழே நிற்கும் ஓட்டோவின் மேல்தான் விழும். கூரை தேடி அலையும் ஒரு பிள்ளையையும், அந்தப் பிள்ளையைத் தேடி மாடிப்படி ஏறும் ஓர் அணிலையும் வைத்து எவ்வளவு நல்ல கதை எழுதலாம்! அந்தக் கதையை இலண்டனில் இருப்பவர் எழுத மாட்டார். கொழும்பில் இருப்பவர்தான் எழுத வேண்டும்.

நமது சூத்தைகளுக்கும் நமது ஊர்க் காரணங்கள் உண்டு. பால்மாவைக் கரைத்துச் சீனி போட்டு, சூப்பிப் போத்தலோடு பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். அந்த இனிப்புப் பால் மேல் முன்பற்களில் இரவு முழுவதும் தங்கி நிற்கும். மாலையில் பால் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். நோன்பு மாதத்தில் இப்தாரிலிருந்து ஸஹர் வரை பேரீச்சம்பழமும் சர்பத்தும் வட்டிலப்பமும் மாறி மாறி வரும். இவற்றை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. வட்டிலப்பம் இல்லாத பெருநாளை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே பல்லுக்கு முக்கியம் என்பதை ஒரு படம் எளிதாக விளங்க வைத்துவிடும். ஒவ்வொரு முறை இனிப்புப் பட்டதும் வாயிலுள்ள பக்றீரியாக்கள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் மிளிரியைக் கரைக்கிறது. சற்று நேரம் விட்டால் உமிழ்நீர் அதைச் சீர்செய்யும். இடைவிடாமல் கொறித்துக்கொண்டே இருந்தால் சீர்செய்ய நேரமே கிடைக்காது.

பல் சுத்தம் நமக்குப் புதிதாக வந்த பாடமும் அல்ல. என் சமூகத்துக்குச் சிரமமாக இராவிட்டால் ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் சிறு வயதிலேயே கேட்டு வளர்கிறோம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லவை என்று தமிழ்ப் பழமொழி சொல்கிறது. மிஸ்வாக் குச்சியோடு நிற்கும் அப்பாவும், பிரஷ்ஷோடு நிற்கும் பேரனும் ஒரே கண்ணாடியில் தெரியும் படம் ஒன்று நமது புத்தகத்தில் இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளை, பல் துலக்குவதைப் பாடசாலையின் உத்தரவாக நினைக்காது. தன் வீட்டு வழக்கமாக நினைக்கும்.

செய்து பார்க்கும் பக்கங்கள்

வாசித்து மூடி வைக்கும் புத்தகம் பல்லைக் காப்பாற்றாது. ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் ஒரு சின்ன வேலை இருக்க வேண்டும். காசு செலவில்லாத, வீட்டில் உள்ள பொருட்களால் செய்யக்கூடிய சிலவற்றை நான் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, எண்ணும் விளையாட்டு. பிள்ளை உம்மாவின் பற்களை எண்ண வேண்டும், உம்மா பிள்ளையின் பற்களை எண்ண வேண்டும். புத்தகத்தில் வரைந்திருக்கும் வாய்ப் படத்தில், இருக்கும் பல்லுக்கு ஒரு நிறம், விழுந்த பல்லுக்கு ஒரு நிறம், கறுத்த புள்ளி தெரிந்தால் ஒரு நிறம். விளையாட்டு முடியும்போது உம்மா தன் பிள்ளையின் வாயை ஒரு முறை முழுதாகப் பார்த்திருப்பார். அந்த ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லையும் கண்டிருப்பார்.

இரண்டாவது, முட்டைப் பரிசோதனை. ஒரு கோப்பையில் தண்ணீர், இன்னொரு கோப்பையில் வினாகிரி. இரண்டிலும் ஒவ்வொரு முட்டை. அடுத்த நாள் வினாகிரியில் கிடந்த முட்டையின் ஓடு மெலிந்து மென்மையாகியிருக்கும். தண்ணீரில் கிடந்தது அப்படியே இருக்கும். முட்டையோடும் பல்லும் ஒரே பொருளால் ஆனவை அல்ல, வாயில் உண்டாகும் அமிலமும் அவ்வளவு வலியது அல்ல. ஆனாலும் இரண்டிலும் கல்சியம் சேர்மங்கள் உண்டு, இரண்டையும் அமிலம் கரைக்கும். பூச்சி இல்லாமலேயே பல்லில் ஓட்டை எப்படி விழுகிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணும்.

மூன்றாவது, நிறம் தேடும் விளையாட்டு. 2016 ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. கடைக்குப் போகும்போது எத்தனை சிவப்பு, எத்தனை பச்சை என்று பிள்ளை எண்ணிப் புத்தகத்தில் புள்ளி வைக்கட்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளையாலும் நிறத்தை வாசிக்க முடியும். அடுத்த முறை போத்தலை எடுக்கும் வாப்பாவுக்கும் அது நினைவுக்கு வரும்.

நான்காவது, அளவு விளையாட்டு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசிமணி அளவு பற்பசை போதும். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரங்களில் காட்டுவது போல பிரஷ் முழுவதும் நிரப்பத் தேவையில்லை. புத்தகத்தில் உண்மையான அரிசிமணியும் பட்டாணியும் ஒட்டுவதற்கு இரண்டு வட்டங்கள் விட்டுவிடலாம். நமது நாட்டின் வரண்ட வலயத்தில், அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற பகுதிகளில், கிணற்று நீரிலேயே புளோரைட்டு கூடுதலாக இருப்பதால் பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. பற்பசையை விழுங்காமல் துப்பப் பழக்குவதும் அளவறிந்து வைப்பதும் எல்லா ஊருக்கும் நல்லது.

ஐந்தாவது, நிலா நாட்காட்டி. 30 சின்ன நிலாக்கள். இரவில் பல் துலக்கியதும் ஒரு நிலாவுக்கு நிறந்தீட்ட வேண்டும். இஷாத் தொழுகை முடிந்து, எல்லாம் சாப்பிட்டு முடித்து, தூங்கப் போகும் முன் துலக்குவதே சிறந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ஏழு எட்டு வயது வரை பிள்ளையால் தனியாகச் சரியாகத் துலக்க முடியாது என்பதால், ஒவ்வொரு நிலாவுக்குள்ளும் இரண்டு முகங்கள் வரைய வேண்டும். ஒன்று பிள்ளையுடையது, மற்றது கூட நின்று துலக்கிவிட்டவருடையது.

பெற்றோர் கேட்கக்கூடியவை

"இதெல்லாம் போனில் இருக்கிறதே" என்று ஒரு தாய் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் போனைக் கொடுத்துவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விடுகிறோம். படப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. யாராவது அருகில் இருந்து வாசிக்க வேண்டும். அதுவே அதன் பலம். பல் துலக்குவதும் அருகில் ஒருவர் நிற்க வேண்டிய வேலைதான்.

"ஆங்கிலப் புத்தகம் வாங்கினால் ஆங்கிலமும் பழகுமே" என்று ஒரு தந்தை கேட்கலாம். பழகட்டும். நானும் ஆங்கிலப் புத்தகங்களை வாசித்தே வளர்கிறேன். ஆனால் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் உம்மும்மாவோ அம்மம்மாவோ ஆகத்தான் இருப்பார். அவருக்கு வாசிக்கக் கூடிய மொழியில் புத்தகம் இல்லாவிட்டால், பிள்ளைக்கு அதிக நேரம் அருகில் இருக்கும் ஆசிரியரை நாம் வெளியே நிறுத்திவிட்டோம் என்று பொருள்.

விலையைப் பற்றிய கேள்வி நியாயமானது. 2022 மார்ச் மாதம் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு புத்தகம் வாங்குவது பல குடும்பங்களுக்குக் கனவாகிவிட்டது. ஆனால் நான் சொல்லும் புத்தகத்துக்குப் பளபளப்பான தாள் வேண்டாம். ஒரே ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். கறுப்புக் கோட்டுப் படங்களாக வரைந்தால் போட்டோகொப்பி எடுக்கலாம். நிறம் தீட்டுவது பிள்ளையின் வேலை. அப்போது அது பிள்ளையின் சொந்தப் புத்தகமாகவும் ஆகிவிடும்.

நம்மால் முடியும்

எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் எவரும் அவற்றை மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், அச்சிடலாம். அங்குள்ள கதைகளை நமது ஊர்த் தமிழுக்கு மாற்றிப் பழகுவது ஒரு நல்ல தொடக்கம். பிறகு அணில் கதையை நாமே எழுதலாம்.

நமது கல்லூரியில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியர் இருக்கிறோம். சித்திரம் படிக்கும் மாணவியர் இருக்கிறார்கள். தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று பிரிவும் ஒரு மேசையில் அமர்ந்து வேலை செய்வது எப்போதாவதுதான் நடக்கிறது. இந்த எட்டுப் பக்கங்கள் அதற்கு ஒரு வாய்ப்பு. உயிரியல் மாணவியர் தகவலைச் சரிபார்க்கட்டும். சித்திர மாணவியர் வரையட்டும். தமிழ் மாணவியர் ஐந்து வயதுக்கு விளங்கும் வசனத்தை எழுதட்டும். அது மூன்று வேலைகளிலும் கடினமானது என்பது என் எண்ணம். அச்சிடும் முன் ஒரு பல் வைத்தியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். நமது பெற்றோரிலும் பழைய மாணவியரிலும் மருத்துவத் துறையில் இருப்போர் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். முதலில் 100 பிரதிகள் எடுத்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சில முன்பள்ளிகளுக்குக் கொடுத்து, பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறார்கள் என்று பார்த்துத் திருத்தலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புத்தகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு உங்கள் பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பற்களை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் கடைசிப் பல்லைக் கவனியுங்கள். பல் டொக்டரைச் சொல்லி வெருட்டாதீர்கள். மாணவத் தோழியரிடம் என் வேண்டுகோள் வேறு: வரையத் தெரிந்தவர்களும், சின்ன வசனம் எழுத வருபவர்களும், தம்பி தங்கைக்குக் கதை சொல்லிப் பழகியவர்களும் அடுத்த தவணை தொடங்கும்போது நூலகத்தில் ஒன்றுகூடுவோம். முதல் தாளை மடிக்க ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் பொறுமையும் போதும். இன்ஷா அல்லாஹ், அணில் மாடிப்படி ஏறும் கதையை நாமே எழுதி முடிப்போம்.